கேட்டதற்கு மட்டும்

அவர் பொய் சொன்னதே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்மேல் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிற கோபத்துக்குக் காரணமே அதுதான். பொய் சொல்கிற ஆளாக இருந்திருந்தால் எப்போதோ மறந்து தொலைத்திருப்பேன். திருப்பூரில் பொய்க்கு என்ன பஞ்சம்? "நாளைக்குக் காலையில துணி வந்துருமுங்க" என்று சொல்லாத சாயப்பட்டறைக்காரர் உண்டா? அதையெல்லாம் யார் மனதில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்? இவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் நான் கெட்டேன்.

அவர் எங்கள் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் பேசுவது, சாம்பிள் அனுப்புவது, சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவன் கேட்கிறபோதெல்லாம் டெலக்ஸில் பதில் அடிப்பது, இதெல்லாம் அவர் வேலை. நான் கட்டிங் மாஸ்டர், சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம் அது. அவர் உள்ளூர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஒல்லி உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். டீ கொண்டுவருகிறவனுக்கும் ஒரு 'ங்க' உண்டு. அந்த மரியாதையில் நான் முதல் மாதமே மயங்கிப்போனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரிடம் எதையாவது கேட்டால் உடனே பதில் வராது. கண்ணாடியைக் கழற்றுவார். மேஜைமேல் கிடக்கிற கட் பீஸ் துணி ஒன்றை எடுத்துத் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "என்னங்க கேட்டீங்க?" என்பார். காது நன்றாகவே கேட்கும். கேள்வியை இன்னொரு தடவை நம் வாயால் சொல்ல வைப்பதற்காகத்தான் அது. நாம் சொன்னதும், அந்தக் கேள்வியின் அளவுக்குச் சரியாக வெட்டி ஒரு பதில் தருவார். கட்டிங் மாஸ்டர் நான், எனக்கே அந்த வெட்டு வராது.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் ஃபிளாட்லாக் டெய்லர் பழனிச்சாமி வேலை முடிந்து கிளம்பும்போது, பல்லடம் பஸ் போய்விட்டதா என்று அவரிடம் கேட்டான். அவர் அப்போதுதான் பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டு வந்திருந்தார். இன்னும் போகவில்லை என்றார். பழனிச்சாமி போய் நின்றான், நின்றான், இருட்டும்வரை நின்றான். அன்று மத்தியானத்திலிருந்து பஸ்காரர்கள் ஸ்டிரைக். மறுநாள் காலை பழனிச்சாமி போய்க் கேட்டதற்கு, "போயிருச்சான்னுதானுங்க கேட்டீங்க, வருமான்னு கேக்கலீங்களே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பழனிச்சாமியும் சிரித்தான். அன்றைக்கே அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

தொழிலில் கற்றுக்கொண்டதுதான் அது. அவரே ஒரு தடவை பெருமையாக விளக்கினார். துணி வந்துவிட்டதா என்று பையர் கேட்டால், வந்துவிட்டது என்று டெலக்ஸ் அடிக்க வேண்டும். வந்த துணி கொஞ்சம் வெளுப்பாக வந்திருக்கிறது, திரும்பவும் சாயத்துக்குப் போகிறது என்று சேர்த்துச் சொல்லக்கூடாது. சொன்னால் அவனும் தூங்கமாட்டான், நம்மையும் தூங்கவிடமாட்டான். அவனாகக் கேட்பதற்குள் சரிசெய்துவிடலாம். திருப்பூரில் பாதி மெர்ச்சண்டைசர்கள் இப்படித்தான் காலம் தள்ளினார்கள். மற்றவர்கள் ஆபீஸைப் பூட்டும்போது அந்தப் புத்தியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் அதோடேயே வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடிய ஒரு ஆட்டத்தில்தான் அவருடைய முழு சுபாவத்தையும் பார்த்தேன். சரக்கைச் சோதிக்க வந்த வெளிநாட்டு இளைஞன் ஒருவன் ஊருக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளே தடிமனான ஆங்கிலப் புத்தகம், கூடவே பல முகங்கள் உள்ள பகடைகள். தாயத்தைப் போலக் கட்டம் எதுவும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்கிறேன், வாளை உருவுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் திருடன், யார் நல்லவன் என்பதெல்லாம் நடத்துகிறவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவரும் அவர்தான், எல்லாம் தெரிந்தவராக உட்கார ஆசைப்பட்டவரும் அவர்தான்.

நடத்துகிறவருக்குப் புத்தகத்தில் மாஸ்டர் என்று பெயர். மாஸ்டர் ஏற்கெனவே நான் இருந்தேன். அதனால் பழனிச்சாமி அவருக்குக் கண்டக்டர் என்று பேர் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, சாவி அவரிடம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிங் டேபிளைச் சுற்றி உட்காருவோம். வெள்ளைக் கட் பீஸில் மார்க்கிங் சாக்பீஸால் கோட்டையும் கிணறும் வரைந்து விரிப்பார். எங்கள் ஆட்களுக்குப் பதிலாக மூன்று பட்டன்கள். பழனிச்சாமி வாள் வீரன். செக்கிங் சூப்பர்வைசர் ஸ்டெல்லாக்கா காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அக்கா எடுத்துக்கொண்டது மருத்துவச்சி வேஷம். நான் மந்திரவாதி.

மந்திரவாதியை நான் எடுத்ததற்கு ஒரே காரணம்தான். மறைந்திருப்பதை அறிந்துசொல்லும் மந்திரம் ஒன்று புத்தகத்தில் இருந்தது. அங்கே அது பளிங்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதாம். அவர் எங்களுக்காக அதை மை போடுவதாக மாற்றினார். வெற்றிலையில் மை தடவிப் பார்த்துக் களவு போனதைச் சொல்கிற ஆட்கள் என் ஊரிலும் உண்டு, அவர்கள் ஊரிலும் உண்டு. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொந்த ஊரை விட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டு, கம்பெனி ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக் கிடக்கிறவன் நான். நாளைக்கு என்ன என்று தெரியாதவனுக்கு அந்த மந்திரத்தின்மேல் ஆசை வராதா?

முதல் கதை, ஒரு பாளையக்காரரின் வாள் காணாமல் போவது. ஒரு வாரமாக உட்கார்ந்து யோசித்து அதைத் தயார் செய்திருந்தார். அரண்மனையில் யார் யாரைச் சந்திக்க வேண்டும், எந்தக் கிணற்றில் இறங்க வேண்டும், எங்கே ஏமாற வேண்டும், எல்லாம் வைத்திருந்தார். கதை ஆரம்பித்ததும் நான், மை போடுகிறேன், வாளை எடுத்தது யார் என்றேன். பகடையும் எனக்குச் சாதகமாகவே விழுந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, மை கலங்கிவிட்டது என்றார்.

சரி, புதுசாக நடத்துகிறார், போகட்டும் என்று விட்டேன். அடுத்த ஞாயிறும் மை கலங்கியது. அதற்கடுத்த ஞாயிறு கலங்கவில்லை, ஆனால் ஒரு கரிய நிழல் மட்டும் தெரிந்தது. நிழல் யாருக்குத்தான் இல்லை என்று பழனிச்சாமி கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பழனிச்சாமி வாள் வீசினால் வெட்டுகிறது, அக்கா மருந்து கொடுத்தால் ஆள் பிழைக்கிறான், என் மை மட்டும் ஏன் கலங்குகிறது என்று சண்டைக்கே போய்விட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"தெரிஞ்சு போச்சுன்னா அப்பறம் என்னங்க மாஸ்டர் இருக்குது? கதையே நின்னு போயிருமுங்க."

அது நிற்காது என்பதை அவரே ஒரு நாள் தன் கண்ணால் பார்த்தார். அந்த வாரம் முழுக்க ஷிப்மென்ட் அவசரம், அவருக்குக் காய்ச்சல் வேறு. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தார். நான் வழக்கம்போல மை போட்டு, யார் என்று கேட்டேன். தளவாய்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பாளையக்காரரின் படைத்தலைவன், அவருக்கு வலது கை, அவன்தான் வாளைத் திருடியவன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். கதை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வேறு கொண்டுவருகிறேன் என்று துணியை மடிக்கப் போனார்.

பழனிச்சாமி அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். தளவாய்தான் திருடன் என்று நமக்குத் தெரிந்துவிட்டது, சரி. அரண்மனையில் அவன் வைத்ததுதான் சட்டம். நாம் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்மைத்தான் தூக்கில் போடுவான். அவனை எப்படிப் பிடிப்பது என்றான். அன்றைக்கு நாங்கள் ஆடிய ஆட்டம் போல அதற்கு முன் ஆடியதே இல்லை. அக்கா தளவாய்க்கே வைத்தியம் பார்க்கப் போனார். பழனிச்சாமி அவன் படையில் ஆளாகச் சேர்ந்தான். என் மையில் கேள்விமேல் கேள்வி கேட்டேன், காய்ச்சல்காரர் அத்தனைக்கும் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் புதுசாக ஒரு வம்பைக் கொண்டுவந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அக்கா சாயங்கால ஜெபக்கூட்டத்தை மறந்துவிட்டார். கடைசியில் தளவாய் மாட்டிக்கொண்டபோது எங்களைவிட அவர்தான் அதிகம் சிரித்தார். இப்படி ஒன்று இருப்பது தனக்குத் தோன்றவே இல்லை என்றார். பாடம் படித்துவிட்டார் என்று நானும் நம்பினேன்.

படித்தார், வேறொரு பாடத்தை. அதற்குப் பிறகு மை கலங்கவே இல்லை. கேட்டால் உண்மையே சொன்னது, கேட்டதற்கு மட்டும் சொன்னது. டெலக்ஸ் புத்தியை அப்படியே கொண்டுவந்து வெற்றிலையில் தடவிவிட்டார் மனிதர்.

ஒரு பழைய கோட்டைக்குள் பூட்டிய கதவு ஒன்று. நான் மை போட்டு, கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யாரும் இல்லை என்றார். ஸ்டெல்லாக்காவின் மருத்துவச்சி நம்பி முதல் ஆளாக உள்ளே கால் வைத்தாள். யாரும் இல்லைதான். தரையும் இல்லை. ஆழக் குழியில் ஈட்டி நட்டு வைத்திருந்தது. மருத்துவச்சி செத்தாள். அக்கா மாதக்கணக்காக அந்த வேஷத்துக்குப் பேர் வைத்து, அவளுக்கு ஒரு ஊர், ஒரு வீடு, கோபக்காரப் புருஷன் என்று எல்லாம் உண்டாக்கி வைத்திருந்தார். அவளுக்காக வைத்திருந்த பச்சைப் பட்டனை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"சார் பொய் சொல்லலீங்க" என்றார் அக்கா. "ஆனா நம்மளுக்கு ஆவுறதைச் சொல்லவும் இல்லீங்க."

அவருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. குழி இருக்கிறதா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மை போடுகிறவன் எதற்குப் போடுகிறான்? தெரியாததால்தானே போடுகிறான்? குழி இருக்கும் என்று கேட்கத் தெரிந்தவனுக்கு மை எதற்கு? இதை அவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, கேள்வி கேட்பதும் ஒரு திறமைதான் என்றார். அடுத்த வாரமும் நான் ஆடப் போனேன். ஏன் போனேன்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வேறு போக்கிடம் இல்லை. மற்ற நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தச் சித்திரையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, என் மனைவி செல்வி ஒரு முடிவு கேட்டாள். மகள் மலருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. "திருப்பூர்லதான்னா அங்கன சேர்ப்போம், இல்லைன்னா இங்கனயே சேர்ப்போம். ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கே, நான் இங்கே. பண்டிகைக்குப் போய்வருகிற அப்பன் நான். மகள் என்னைப் பார்த்ததும் முதல் நாள் ஒளிந்துகொள்வாள், பழகுவதற்குள் நான் பஸ் ஏற வேண்டியிருக்கும். அழைத்து வந்துவிடத் துடித்தேன். ஆனால் கம்பெனி நிலைக்க வேண்டும். ஆர்டர் குறைந்துவிட்டது, முதலாளி மிச்சத்தை வெளியே கூலிக்குத் தைக்கிற ஜாப் ஒர்க் ஆட்களிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனியை மூடப் போகிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

ஊரிலிருந்து வந்த திங்கட்கிழமை காலையே அவரிடம் போய் நின்றேன். செல்வி கேட்டதைச் சொன்னேன். அடுத்த சீசனுக்கு நமக்கு ஆர்டர் இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், என்ன கேட்டீர்கள் என்றார். மறுபடி கேட்டேன்.

"ஆர்டர் இருக்குதுங்க மாஸ்டர். போன வருசத்தை விட எச்சாவே வந்திருக்குதுங்க."

நல்லூரில் ஒரு வீடு பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பக்கத்து வீட்டில் நிட்டிங் மெஷின் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வரும். செல்விக்கு அந்தச் சத்தம்கூடப் பிடித்திருந்தது. பால் காய்ச்சிய அன்று அவரையும் கூப்பிட்டிருந்தேன். வந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாலைக் குடித்தார். மலருக்கு ஒரு சாம்பிள் பனியன் கொண்டுவந்திருந்தார். இந்தப் பக்கம் நல்ல பக்கமா என்று செல்வி கேட்டாள், நல்ல பக்கம் என்றார். தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்டாள், வரும் என்றார். அந்த நேரத்தில் கம்பெனியை இழுத்து மூடப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். என் வீட்டுப் பால் தொண்டையில் இறங்கும்போது தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுகிறேன், வீசிவிடுவேனோ என்று பயம்.

மழைக்காலம் தொடங்குகிற நேரம், கையிலிருந்த கடைசி ஷிப்மென்ட் போனது. அந்தச் சனிக்கிழமை சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்றார் முதலாளி. புது ஆர்டர் எல்லாம் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் போகிறது, அவர்களிடம் கட்டிங் மாஸ்டர், டெய்லர், செக்கிங் எல்லாம் இருக்கிறார்கள். மறுநாள் ஞாயிறு. மெஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த சாமான்களை எடுக்க நானும் பழனிச்சாமியும் ஸ்டெல்லாக்காவும் போயிருந்தோம். அப்போது அவர் வந்தார், கையில் அட்டைப் பெட்டியோடு. ஆட வந்திருக்கிறார். புதுக் கதை ஒன்று தயார் செய்திருக்கிறாராம்.

ஆர்டர் இருக்கிறது என்று சொன்னீர்களே என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். கட் பீஸ் தேடினார். டேபிள் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. சட்டை நுனியில் துடைத்தார்.

"ஆர்டர் இருக்குதுங்களே மாஸ்டர். அதை இங்கயே தைப்பாங்களான்னு நீங்க கேக்கலீங்க."

கையை ஓங்கிவிட்டேன். ஸ்டெல்லாக்காதான் பிடித்துக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். சொல்லியிருப்பார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. கேட்காமலே சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கத்தினேன். தெரிந்திருந்தால் பாதிப் பேர் அப்போதே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள், ஷிப்மென்ட் நின்று போயிருக்கும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும் என்றார். அதே பேச்சு. மை கலங்கிய நாளில் பேசிய அதே பேச்சு.

"தளவாய்தான் திருடன்னு ஒரு நா வாய் தவறிச் சொன்னீங்களே சார், அன்னைக்கு முடிஞ்சா போச்சு?" என்றேன். "அன்னைக்குத்தான ஆட்டமே ஆரம்பிச்சுச்சு. எனக்குத் தெரிஞ்சிருந்தா என் பிள்ளைய ஊர்லயே சேர்த்துட்டு, உங்க ஷிப்மென்டையும் வெட்டிக் குடுத்துட்டுத்தான் போயிருப்பேன். நாங்க என்ன செய்வோம்னு எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அது ஆட்டமுங்க மாஸ்டர்" என்று மெல்லச் சொன்னார். பெட்டியை டேபிள்மேலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். அதை எடுத்துப் பழனிச்சாமி என் கையில் திணித்தான்.

சீசன் நடுவில் கட்டிங் மாஸ்டருக்கு யார் வேலை வைத்திருக்கிறார்கள்? அலைந்து திரிந்து அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் ஒண்டிக்கொண்டேன். படுக்கையும் அங்கேயே. நல்லூர் வீட்டைக் காலி செய்தோம். செல்வியையும் மலரையும் ஊருக்கு அனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். அந்தச் சில மாதப் பள்ளிக்கூடத்தில் மலருக்கு இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்களும் வர்றீங்களாங்கப்பா?" என்று கேட்டாள்.

வாரேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய்யும் இல்லை அது, என்றைக்காவது வரத்தானே போகிறேன். அந்த நொடியில் அவர் கண்ணாடி துடைக்கிறது கண்ணுக்கு நேரே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அப்பா இப்ப வரல தாயி. உனக்கு இங்கன பள்ளிக்கூடமும் இனிமே இல்ல. திரும்ப எப்பக் கூட்டிட்டு வருவேன்னு அப்பாவுக்கே தெரியாது" என்றேன். ஓவென்று அழுதாள். சின்னப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று செல்வி என்னைச் சுட்டெரிப்பது போலப் பார்த்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியபோது, மலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"என்ற தட்டு பள்ளிக்கூடத்துலயே இருக்குதுங்கப்பா. வாங்கி வெச்சிருங்க. வர்றப்ப வேணும்."

மறுநாள் போய் வாங்கி வந்தேன். அவள் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. அவர்கள் திரும்பி வந்து அந்தத் தட்டில் மலர் சாப்பிடுவதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது. தட்டு அவளுக்குச் சின்னதாகிவிட்டது. அந்த வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது? ஒளிந்துகொள்கிற வயதும் தாண்டி, என்னை விருந்தாளி மாதிரி வரவேற்கிற வயதுக்கு வந்திருந்தாள் என் பிள்ளை.

இப்போது அவள் எட்டாவது படிக்கிறாள். பெட்டியிலிருந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்லூரில் ஸ்டெல்லாக்கா வீட்டில் கூடுகிறோம். அக்கா, பழனிச்சாமி, நான், அதே பட்டன்கள். கண்டக்டர் மலர்தான். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. மை போட்டால் கேட்டதற்கும் பதில் சொல்வாள், கேட்கத் தெரியாமல் விட்டதில் ஒன்றையும் சேர்த்துச் சொல்வாள். இப்படி அள்ளி விட்டால் கதை சீக்கிரம் முடிந்துவிடாதா என்று ஒரு தடவை சும்மா சீண்டிப் பார்த்தேன். தெரியாமல் எதை வைத்து விளையாடுவது என்று திருப்பிக் கேட்டாள். ஸ்டெல்லாக்கா அவ்வப்போது அவரைப் பற்றி விசாரிப்பார். எங்கே இருக்கிறாரோ, அவருக்கும் இதைவிட்டால் வேறு சந்தோஷம் இல்லையே என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் காதர்பேட்டையில் அவரைப் பார்த்தேன். பனியன் மூட்டைகளுக்கு நடுவில், தலை நரைத்து, அதே வெள்ளைச் சட்டையில் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். வீட்டில் எல்லோரும் நலமா என்றார். நலம் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, இன்னும் ஆடுகிறீர்களா என்றார். ஆடுகிறோம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக, ரொம்ப மெதுவாகத் துடைத்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். ஒரு வண்டிக்காரன் வழி கேட்டுச் சத்தம் போட்டான், நாங்கள் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.

"ஞாயித்துக்கெழமதானுங்களா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

எங்கே ஆடுகிறீர்கள், நானும் வரலாமா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.